யாருடைய வலது

விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. காது மடலுக்குக் கீழே அவை வந்து உட்கார்ந்ததுமே, அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாமா என்றுதான் தவசிலிங்கத்துக்குத் தோன்றியது. போகலாம்தான். செருப்பு கட்டிலுக்கடியில் கிடக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் திண்டுக்கல் பஸ் நிற்கும், ஏறி உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு வீடு போய்ச் சேரலாம். ஆனால் கன்னத்துக் கட்டியும் கூடவே பஸ் ஏறும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதுவும் ஜன்னலோரம் உட்காரும். வெங்காய மண்டியில் முப்பது வருஷம் மனுஷர்களை எடை போட்டவர், இப்போது ஒரு பச்சைத் துணித் திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மருத்துவக் கல்லூரியின் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பரீட்சை. வார்டில் கிடப்பவர்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து இந்த ஹாலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு ஒரு பிள்ளை. இவருக்கு என்ன, எங்கே, எதனால் என்று அது தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் பெரிய டாக்டர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். வரமாட்டேன் என்று சொன்னதற்கு வார்டு நர்ஸ், "ஒங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போற சார்தான் வரச் சொன்னாரு, அவருகிட்டயே சொல்லிக்கங்க" என்றாள். கத்தியைப் பிடிக்கப்போகிறவனிடம் எவன் போய் மாட்டேன் என்பான். வந்துவிட்டார். வந்து, ஒரு கேள்வித்தாளாக உட்கார்ந்திருக்கிறார்.

"பேரு சொல்லுங்கப்பா" என்று இவர் கட்டிலுக்கு வந்த பிள்ளை கேட்டபோதே பிடிக்கவில்லை. அப்பாவாம். யாருக்கு யார் அப்பா. தன் பெயர் ஹெப்சிபா என்று அவள் சொல்லிக்கொண்டாள். நாகர்கோவில் பக்கம் போலிருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையையும் கொஞ்சம் இழுத்து வைத்தாள். ஒல்லியான பெண், வெள்ளைக் கோட்டு தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. "என்ன வேலைப்பா பாக்கீங்க?" மண்டி. "எத்தன நாளா இருக்கு இது?" ஒரு வருஷம். "மொதல்ல எவ்வளவு பெருசு இருந்துது?" சின்ன வெங்காயம் அளவு என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை, நம் தொழிலை எதற்கு இவள் வாயில் போடுவது. "கோலிக்குண்டு" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். அப்பா அப்பா அப்பா. பெற்ற பிள்ளை இந்த வார்த்தையைச் சொல்லியே எத்தனையோ காலமாகிறது. போனில் பேசினால் நேரே விஷயத்துக்குத்தான் வருவான். டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேரே இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் போய் உட்கார்ந்தவன். லேட்டரல் என்றால் பக்கவாட்டில் நுழைவது என்று அவன்தான் அப்போது விளக்கினான். அதே வார்த்தை நேற்று இங்கே இவர் கன்னத்தின் மேல் வந்து விழுந்தபோது ஒரு நிமிஷம் பையனைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று நினைத்துவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் வந்தது ஒரு கூட்டம். ஐந்தாறு பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று பரீட்சைக்குப் பாடம் பார்த்தார்கள், அவர் முகத்தை வைத்து. உத்தரவு கேட்கவில்லை. அதில் கண்ணாடி போட்ட ஒருத்தி வாத்தியார் மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரலை அவர் மேல் வைத்துக்கொண்டே போனாள். ஆன்டீரியர், காதுக்கு முன்னால் ஒரு குத்து. போஸ்டீரியர், காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு குத்து. மீடியல் என்று மூக்கை நோக்கி இழுத்தாள், லேட்டரல் என்று காதை நோக்கித் தள்ளினாள். தாடைக்குக் கீழே வந்து, இன்ஃபீரியர் என்றாள். அதற்குத்தான் அவருக்குச் சுர்ரென்று ஏறியது. மண்டியில் அந்த வார்த்தை அழுகல் சரக்குக்கு. தாள் உரிந்து, தண்டு முளைத்து, மூட்டையின் அடியில் கசிந்து கிடப்பதைப் பார்த்து வெளியூர் வியாபாரி சொல்வான், இன்ஃபீரியர் ஐயா, வேண்டாம் என்று. இவள் தாடையைத் தொட்டுச் சொல்கிறாள். கீழே இருப்பது என்றுதான் அர்த்தமாம், வேறொன்றுமில்லையாம், அவர் முறைத்ததைப் பார்த்து இன்னொரு பிள்ளை சமாதானம் சொன்னது. கீழே என்றால் கீழே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. அவர்களுடைய புத்தகத்தில் ஒரு ஆள் நிற்கிறானாம். நேராக நின்று, முகத்தை முன்னால் வைத்து, கை இரண்டையும் தொங்கவிட்டு உள்ளங்கையை வெளியே காட்டிக்கொண்டு. நோயாளி படுத்திருந்தாலும் கவிழ்ந்து கிடந்தாலும் அந்த ஆளாக நினைத்துக்கொண்டுதான் முன் பின் மேல் கீழ் எல்லாம் சொல்ல வேண்டுமாம். தவசிலிங்கத்துக்கு அந்த ஆள் கண்ணுக்குள் வந்து நின்றான். உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு ஒருத்தன் நின்றால் அவன் பிச்சைக்காரன், இல்லாவிட்டால் என்னிடம் ஒன்றுமில்லை என்று போலீஸ்காரனிடம் காட்டுகிறவன். அவர் தன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்காரி சொன்னாள், "வலது இடது சொல்லும்போது மாத்தி ஒளறிடாதீங்கடா. நாம எதுர்ல நிக்கிறோம். நம்ம வலது கணக்கு இல்ல. பேஷண்டோட வலதுதான் வலது."

இதை அவர் ஏற்கெனவே கோர்ட்டில் கேட்டிருக்கிறார். ஜட்ஜும் இதைத்தான் சொன்னார். ஏறத்தாழ இதே வார்த்தை. அப்பா சாகக் கிடந்தபோது, கடையை நடுவில் தடுத்து வலப்பக்கம் பெரியவனுக்கு, இடப்பக்கம் சின்னவனுக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். எங்கே நின்று பார்க்கும் வலது என்று சொல்லவில்லை. தெருவில் நின்று கடையைப் பார்த்தால் முக்குப் பக்கம், லாரி வந்து நிற்கிற பக்கம், இடது. அது சின்னவனான தவசிலிங்கத்துக்கு. கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தால் அதே முக்கு வலது. அது அண்ணன் மாசிலாமணிக்கு. அப்பா எப்போதும் தெருவில் நின்று, இடுப்பில் கை வைத்து, கடையை அண்ணாந்து பார்த்துத்தான் பேசுவார், அது ஊருக்கே தெரியும். கோர்ட்டுக்குத் தெரியவில்லை. கடைக்கு முகம் தெருப்பக்கம், ஆகவே கடையின் வலது என்பது உள்ளே இருப்பவரின் வலது என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு நடுவில் எழுந்த சுவர் இன்றைக்கும் நிற்கிறது. கல்லாவில் உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப்பக்கம், இவருடைய வலது கன்னத்துக்கு நேரே, அண்ணன். அவன் இருமுவது கேட்கும், அவன் ஆட்களை ஏசுவது கேட்கும். பதினாலு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாமல் வைத்திருந்த கன்னத்தில்தான் இது முளைத்தது. முந்தாநாள் அவன் வந்திருந்தான். கட்டில் ஓரமாக வந்து நின்று, "தவசி, எப்படிடா இருக்க" என்றான். ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைத்தான். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபத்தினால்தான் என்று அவன் நினைத்திருப்பான். மனைவி தனபாக்கியமும் அப்படித்தான் நினைத்து, "சாகுற வரைக்கும் ஒங்களுக்கு இந்த வீம்பு போகாது" என்று புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். கோபமும் உண்டுதான். ஆனால் திரும்பிக்கொண்டது வாயை மறைக்க.

வாய். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் நாக்கு தானாக வலது ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது. போன வாரம் சவரம் பண்ணும்போது சோப்பு நுரை வலது கண்ணுக்குள் போய் எரிந்தது. கண்ணை மூடித்தான் இருந்தார், அப்படியும் போனது. கண்ணாடியில் பார்த்தால் இமை முழுசாக இறங்கவில்லை, அடியில் வெள்ளையாக ஒரு கீற்று. மண்டியில் அவர் விசில் அடித்தால் நாலு கடை தள்ளி நிற்கிற சுமைக்காரனும் திரும்புவான். இங்கே குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உதட்டைக் குவித்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது, அதுவும் ஒரு பக்கமாக. யாரிடமும் சொல்லவில்லை. மீசையை வளரவிட்டார். சோற்றை இடது கடைவாயில் அடக்கி மென்றார். அது என்னவென்று தெரியாமல் மறைத்தவரைக்கும் அது ஒரு மானக்கேடு மட்டும்தான். நேற்று அந்தப் பிள்ளைகள் போகிறபோது தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டதுதான் அதைப் பயமாக்கியது. "ஃபேஷியல் நெர்வ் நல்லா இருந்தா சாதாக் கட்டி. அது போயிருந்தா கேன்சர்னு சொல்லணும். அப்ப கட்டியோட நெர்வையும் சேத்து எடுத்துருவாங்க." "எடுத்தா?" "அந்தப் பக்கம் மொகம் தொங்கிரும்." அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டார்கள், எவனோ வடை சாப்பிடலாம் என்று சொன்னது கேட்டது. இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்படியானால் இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரியாத வரைக்கும் இது சாதாக் கட்டி.

"கழுத்தக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கப்பா. பல்லக் கடிங்க. ஆங், அப்படியே வச்சுக்கங்க" என்றாள் ஹெப்சிபா. அவளுடைய கட்டைவிரல் கட்டியின் விளிம்பைத் தேடிக்கொண்டு போயிற்று. முன்னால், பின்னால், மேலே கன்ன எலும்பு வரைக்கும், கீழே தாடை முனைக்கும் கீழே. உதடு லேசாக அசைந்தது, அந்த வார்த்தைகளைத்தான் சொல்லிப் பார்க்கிறாள். ஒவ்வொன்றையும் அவள் சொல்லுமுன் அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது. இது எங்கே இருக்கிறது என்பதற்கு இவர்களிடம் இத்தனை வார்த்தை இருக்கிறது, இது என்ன என்பதற்கு ஒரு வார்த்தையை இதுவரை ஒருத்தனும் அவரிடம் சொல்லவில்லை. ஊசி குத்தி எடுத்தார்களே, அது என்னாயிற்று என்று கேட்டால், வரட்டும் பாக்கலாம். ஸ்கேன் என்னாயிற்று, சார் வரட்டும். அவள் அழுத்தியதில் காது வரைக்கும் ஒரு வலி இழுத்தது. தொண்டை வறண்டு, தலைமாட்டு பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஞாபகமில்லாமல் குடித்துவிட்டார். வலது கடைவாயில் வழிந்த தண்ணீர் மோவாயில் இறங்கிக் கழுத்துக்குப் போயிற்று. துண்டை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனா ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றது. "இப்ப ஒருதடவ பல்லக் காட்டுங்கப்பா" என்றாள். "மாட்டேன்." "ஈன்னு ஒரு தடவ." "எதுக்கு? நான் எவன் முன்னாலயும் பல்லக் காட்டிப் பழக்கமில்ல." "கண்ண இறுக்கி மூடுங்க அப்ப." "தூக்கம் வரல." அவள் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். கெஞ்சட்டும் என்று காத்துக்கொண்டுமிருந்தார், இந்த வாரம் முழுக்க அவர் கையில் கிடைத்த ஒரே அதிகாரம் இதுதான். அவள் கெஞ்சவில்லை. குனிந்து, திரைக்கு அந்தப்பக்கம் கேட்காத குரலில், "நீங்க தண்ணி குடிச்சத நான் பாத்தேன்" என்றாள்.

முதுகுத்தண்டில் ஒரு சில்லிப்பு மேலிருந்து கீழே இறங்கியது, இல்லை கீழிருந்து மேலே ஏறியது, அதற்கும் இவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கும். "என்னத்தப் பாத்த?" என்றார். "எத்தன நாளா இருக்குப்பா?" "ஒண்ணும் இல்ல. பல்லு வலி." "சார்ட்ட சொன்னீங்களா?" "இந்தா பாரு. நீ பாட்டுக்கு உன் பரீட்சைய முடிச்சுட்டுப் போ. எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லு. உனக்கும் மார்க் வரும், எனக்கும் தொந்தரவு இல்ல. சொன்னா நரம்ப அறுத்துருவானுங்க." அவள் பயந்துபோயிருந்தாள், கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. "சொல்லாம இருந்தா மட்டும் அந்த நரம்பு பொழச்சுக்கிருமாப்பா" என்றாள். "சும்மா கட்டின்னு நெனச்சுத் தொறந்துட்டு, உள்ள வேற மாதிரி இருந்தா அப்பறம் என்ன பண்ணுவாங்க? எனக்குத் தெரியல. ஆனா தெரிஞ்சு தொறக்கறதுதான் நல்லது." எனக்குத் தெரியல என்று அவள் சொன்னது அவருக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. "நீ யாரு எனக்கு நல்லது சொல்ல" என்றார். மணி அடித்தது. திரை விலகியது.

இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வெளியூரிலிருந்து பரீட்சைக்கு வந்த பெரிய டாக்டர், வழுக்கை, டை கட்டியிருந்தார். பின்னால் வந்தவர் இவருக்கு ஆபரேஷன் செய்யப்போகிற சீஃப், ஞானப்பிரகாசம். வெளியூர்க்காரர் கட்டிலின் கால்மாட்டில் கை வைத்து, ஆரம்பிம்மா என்றார். ஹெப்சிபா இங்கிலீஷில் ஆரம்பித்தாள். தவசிலிங்கம் தன் பெயரைக் கேட்டார், அது ஒரு முறைதான் வந்தது, அதற்கப்புறம் அவர் இல்லை. வலது கன்னம் மட்டும் இருந்தது. அதன் முன்னால், பின்னால், கீழ். அவளுடைய விரல் இப்போது அவரைத் தொடவில்லை, காற்றில் அவர் முகத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போனது. முகம் ஒரு மேப்பாக, எல்லை எல்லையாகப் பிரிந்து கிடந்தது. இன்ஃபீரியர் என்றாள். இந்தத் தடவை அது உறைக்கவில்லை. அவள் அடுத்து எங்கே வருவாள் என்றுதான் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. நல்லாருக்குன்னு சொல்லு. சொல்லித் தொலை. வெளியூர்க்காரர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "ஃபேஷியல் நெர்வ்?" ஹெப்சிபா கோட்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வலது பக்கம் வீக்கா இருக்கு சார்."

சீஃப் நிமிர்ந்தார். "வீக்கா? அட்மிஷன்ல நார்மல். கேஸ் ஷீட்லயே இருக்கு." வெளியூர்க்காரர் அவளைப் பார்த்து, "டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?" என்றார். "பேஷண்ட் ஒத்துழைக்கல சார். தண்ணி குடிக்கும்போது பாத்தேன். வலது ஓரத்துல வழிஞ்சுது." வெளியூர்க்காரர் சிரித்தார். "எனக்கும் வழியும்மா, அவசரமாக் குடிச்சா." பிறகு குனிந்து, "பெரியவரே, பல்லக் காட்டுங்க பாப்போம்" என்றார். தவசிலிங்கம் அவரைப் பார்த்தார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதற்குப் பாதி முகம் போதும். தாடையை இறுக்கி, மூச்சை அடக்கி, இடது பக்கமும் அசையாமல் பார்த்துக்கொண்டார். "கோவக்காரர்போல" என்றார் வெளியூர்க்காரர். கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. "மொகம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. ஒத்துழைக்கலைன்னு மட்டும் நீ சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருப்பேன். இல்லாததக் கண்டுபிடிக்கிறது பெரிய தப்பு. நாளைக்கு இத நம்பி ஒருத்தன் நரம்ப எடுத்துட்டா?" சீஃப் தலையாட்டினார். "நான் பாத்தேன் சார், நானே பாத்தேன். அட்மிஷன் அன்னிக்கே எல்லாம் செக் பண்ணோம். நார்மல்." ஹெப்சிபா கட்டிலைப் பார்க்கவில்லை. ஈரத் துண்டு அவர் மடியில்தான் கிடந்தது, அதைக் காட்டியிருக்கலாம். "நான் பாத்தேன் சார்" என்று மறுபடியும் சொன்னாள், முன்னைவிட மெதுவாக. வெளியூர்க்காரர் கையிலிருந்த தாளில் எதையோ சுழித்துவிட்டு, "சரி, வாங்க, அடுத்ததுக்குப் போலாம்" என்று சீஃபிடம் சொல்லித் திரும்பினார்.

முடிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டு பெரிய டாக்டர்கள் நின்று, முகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியாயிற்று. இனி இது சாதாக் கட்டி. மூச்சை விட்டார். விட்ட மூச்சு வலது ஓரத்தில் புஸ் என்று கசிந்தது. நானே பாத்தேன். எப்போது பார்த்தான். அட்மிஷன் அன்றைக்கு இந்த ஆள் தலைமாட்டில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான், தன் பையனுக்கு எந்தக் காலேஜ் என்று. கையுறையைக்கூட மாட்டவில்லை. ஒரு சின்ன டாக்டர் எதையோ கேட்காமலே எழுதினான், அதில் இவன் கையெழுத்துப் போட்டான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நான் இதே மாதிரி சட்டையில்லாமல் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்தப் புத்தகத்து ஆள் மாதிரி, கையை விரித்துக்கொண்டு, பார்ப்பான் பார்ப்பான் என்று. பார்த்தவள் ஒருத்தி. அவள் தலைகுனிந்து பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், பார்க்காதவன் பார்த்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான். இவன் கையில்தான் கத்தி. இவன்தான் உள்ளே திறந்து பார்க்கப்போகிறான். பயம் எங்கே முடிந்து ஆத்திரம் எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியவில்லை. "நீங்க எப்ப பாத்தீங்க?" என்றார்.

திரையைத் தாண்டிய இரண்டு பேரும் நின்றார்கள். ப என்ற எழுத்து உதட்டில் சரியாக ஒட்டாமல் வழுக்கிப் போனது அவருக்கே கேட்டது. "உங்களத்தான் கேக்குறேன் சார். நீங்க எப்ப என் மொகத்தப் பாத்தீங்க? போன்ல இருந்தீங்க." சீஃப், "என்ன பெரியவரே" என்று ஆரம்பித்தார். "பாருங்க. இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தவசிலிங்கம் பல்லைக் காட்டினார். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்க, ஈறு தெரியக் காட்டினார். முகம் முழுவதும் இடது பக்கமாகச் சுருட்டிக்கொண்டு ஓடியது. வலது பக்கம் மீசையும் உதடும் அப்படியே கிடந்தன. கண்களை இறுக்கி மூடினார், வலது கண்ணின் அடியில் வெள்ளைக் கீற்று வழியாக அவர்கள் மூன்று பேரும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த கட்டிலில் ஏதோ ஒரு பிள்ளை இங்கிலீஷில் தடுமாறிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர் மெதுவாகத் திரும்பி வந்து, இந்தத் தடவை தட்டாமல், இரண்டு விரலால் இமையைத் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த தாளை எடுத்து, சுழித்த இடத்தை அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினார். "நீ வெளிய இரும்மா" என்றார் ஹெப்சிபாவிடம், குரல் மாறியிருந்தது. அவள் போகும்போது கட்டிலருகே ஒரு கணம் நின்றாள். "தேங்க்ஸ்ப்பா" என்று உதடு அசைந்தது. "உனக்காக ஒண்ணும் பண்ணல" என்றார் தவசிலிங்கம். நிஜமாகவே அவளுக்காகச் செய்யவில்லை, அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

வெளியூர்க்காரரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சீஃப் மட்டும் நின்றார். கேஸ் ஷீட்டை வாங்கிப் புரட்டினார், பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்தார், மறுபடி பின்னால் போனார். படித்த மாதிரித் தெரியவில்லை. அதட்டப்போகிறான் என்று தவசிலிங்கம் தயாராக இருந்தார். அதட்டினால் திருப்பிக் கொடுக்க வார்த்தைகளை நாக்கில் அடுக்கி வைத்திருந்தார், மண்டியில் பழகிய வார்த்தைகள், ஒன்றைவிட ஒன்று அழுகலானவை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் சீஃப். "நீங்க கேட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டார் தவசிலிங்கம். "இது என்னன்னு சொல்லுங்க. மேல கீழ எல்லாம் வேண்டாம். என்னன்னு மட்டும் சொல்லுங்க, தமிழ்ல." வார்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த மனுஷர் அவரிடம் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறார், ஒரு கால் எப்போதும் அடுத்த கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இப்போது ஹெப்சிபா விட்டுப்போன ஸ்டூலைக் காலால் இழுத்தார். அது சிமென்ட் தரையில் கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. அதில் உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். முகத்துக்கு நேராக முகம் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தவசிலிங்கத்துக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்தும், பார்வையை எடுக்காமல், அந்த ஆள் அதைத் தன் வாயாலேயே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.